எர்த் இல்லண்ணா

பெரியப்பாவின் அம்பாசிடரில் இடது இண்டிகேட்டர் நான்தான். வலது இண்டிகேட்டர் அவர். வண்டியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு மஞ்சள் விளக்குகள் இருந்தது உண்மை. அவை எரியாததும் உண்மை. தர்மபுரி நாலு ரோடு வந்து இடப்பக்கம் ஒடிக்க வேண்டுமானால், "டேய், கை" என்பார். முன் சீட்டு ஜன்னலோரம் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் நான் சட்டையின் அரைக்கைக்கு வெளியே உள்ள அத்தனையையும் ரோட்டுக்கு நீட்டுவேன். பின்னால் வரும் டவுன் பஸ் டிரைவர் பார்த்துவிட்டார் என்று அவர் ஹாரனிலேயே தெரியும். கையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. பெரியப்பாவுக்குப் புளி மண்டி. வண்டி மார்க் 3. எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு முதலாளிகளைப் பார்த்தது. அந்த ஜன்னல் சீட்டுக்காகப் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் நான் ஜெயித்ததற்குக் காரணம் திறமை அல்ல. அண்ணன் கையை நீட்டியபடியே வேடிக்கை பார்த்து, திரும்பி முடித்து ஒரு பர்லாங் போன பிறகும் உள்ளே இழுக்க மாட்டான். இண்டிகேட்டருக்கு அது பெரிய குறை. எனக்கு பியூஸ் போனதில்லை. சாயங்காலமானால் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

சட்டப்படி என் வேலையே தேவையில்லாதது. இடது பக்கம் திரும்பவும் டிரைவரே தன் வலது கையை வெளியே நீட்டிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில்கூட இருந்தது. பின்னால் வருபவனைத் தாண்டிப் போகச் சொல்வதற்கும் அதே வலது கைதான்; அதை முன்னும் பின்னும் அரைவட்டமாக வீச வேண்டும். சுழற்றுவதற்கும் வீசுவதற்கும் உள்ள வித்தியாசம் லைசென்ஸ் தேர்வில் இன்ஸ்பெக்டர் முன்னால் தெளிவாகத் தெரியும். ஓடும் ரோட்டில் தெரியாது. பெரியப்பா இடப்பக்கம் திரும்பக் கையைச் சுழற்ற, பின்னால் வந்தவர் தாண்டச் சொல்கிறார் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திய ஒரு நாளுக்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது.

ரோட்டில் எல்லாருக்கும் கைதான் பேசிற்று. லாரியில் கிளீனர் பையனின் கை. இரும்புத் தகட்டைத் தட்டும் சத்தமும் சேர்ந்து வரும். பஸ்ஸில் கண்டக்டரின் விசில். சைக்கிளில் மனசு வந்தால் கை, வராவிட்டால் முகத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். அப்போது எங்கள் மாவட்டம் பெரியது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்திலேயே இருந்தன. 2004 பிப்ரவரியில்தான் பிரிந்து போயின. ஆகவே 1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வோம். இரண்டு பேர் உட்காரலாம் என்று வந்த அந்த மொபெட்டில் மூட்டையும் மனைவியும் குழந்தையும் ஒரு கோழிக் கூடையும் போகும். இண்டிகேட்டர் என்ற பேச்சே கிடையாது. ஹெட்லைட் என்ஜின் வேகத்துக்கு ஏற்ப எரியும். முறுக்கினால் வெளிச்சம், பள்ளத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தால் இருட்டு. அதாவது, பள்ளம் இல்லாத இடமெல்லாம் நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டிலும் கையில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் புயிக் கார் 1939லேயே சிமிட்டும் விளக்கோடு வந்துவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் அவசரப்படவில்லை. மோரிஸ் மைனரில் கதவுத் தூணுக்குள் ஒரு சின்ன இரும்புக் கையை ஒளித்துவைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் காந்தம் இழுத்து அந்தக் கை வெளியே நீளும், அதற்குள் ஒரு பல்பு எரியும். அது மழையில் நனைந்து துருப்பிடித்து, நீண்டது மடங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. அந்த வகையில் அண்ணன் ஒரு நல்ல பிரிட்டிஷ் தயாரிப்பு.

பெரியப்பாவின் வண்டி ஒட்டுமொத்தமாக இருண்டது ஓர் ஆடிப் பதினெட்டு அன்று. ஒகேனக்கல்லில் குளித்து, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, மீன் சாப்பிட்டுத் திரும்புகிறோம். காட்டு வளைவுகளில் பென்னாகரத்தை நோக்கி ஏறும்போது தூறல் ஆரம்பித்தது. பெரியப்பா வைப்பரைப் போட்டார். கண்ணாடியில் பாதி தூரம் போன வைப்பர் அங்கேயே நின்றது. அதே நொடியில் பெட்ரோல் முள் பொத்தென்று அடியில் விழுந்தது. "பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று பின் சீட்டிலிருந்து பெரியம்மா கேட்டார். தீர்ந்திருந்தால் வண்டி நின்றிருக்க வேண்டும். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்லைட்டும் எரிந்தது. பிரேக் லைட் மட்டும் எரியவில்லை என்று பின்னால் வந்த ஜீப்காரர் ஹாரன் அடித்துத் திட்டி அறிவித்தார்.

இன்று அந்த வரிசையைக் கேட்டாலே எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் வண்டியைப் பார்க்காமல் வியாதியைச் சொல்லிவிடுவார். அந்த வயரிங்கில் மொத்தமே இரண்டு பியூஸ்தான். சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் பச்சை வயர் கூட்டம் முழுவதும், அதாவது வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் முள் எல்லாம், அவற்றில் ஒன்றை நம்பியிருந்தன. என்ஜினுக்கும் ஹெட்லைட்டுக்கும் பியூஸே கிடையாது. அதனால் அவை தப்பித்தன. நாலு சாமான் ஒரே நேரத்தில் செத்தால் நாலு சாமானும் கெடவில்லை, அவற்றுக்குப் பொதுவான ஒன்றுதான் கெட்டிருக்கிறது. பழைய வண்டி ரிப்பேரில் பாதிப் படிப்பு இந்த ஒரு வாக்கியம்தான். மீதிப் பாதி எர்த். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பென்னாகரம் வரும்வரை பெரியப்பா வலது கையாலும் நான் இடது கையாலும் மழையை வாங்கிக்கொண்டு வந்தோம். கடைத்தெருவில் பெட்டிக்கடை முன் வண்டியை நிறுத்தி, வாழ்நாளில் பீடியைக்கூடத் தொடாத பெரியப்பா சத்தமாக ஒரு பாக்கெட் சிகரெட் கேட்டார். பெரியம்மாவுக்கு மூச்சு நின்றது. பாக்கெட்டைப் பிரித்து, உள்ளிருந்த வெள்ளித்தாளை உருவிக்கொண்டு, "சிகரெட்ட நீயே வச்சுக்கப்பா" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். வெள்ளித்தாள் கண்ணாடிப் பியூஸின் மேல் சுற்றப்பட்டது. வைப்பர் விட்ட இடத்திலிருந்து ஓடியது, முள் எழுந்தது, பிரேக் லைட் வந்தது. பெரியப்பா முகத்தில் எடிசன் முகத்துக்குக் குறையாத பெருமை.

அதன் பிறகு அந்த பியூஸ் போகவே இல்லை. போகாததுதான் சிக்கல். வயரைக் காப்பாற்றுவதற்காகத் தான் எரிந்துபோவதே பியூஸின் வேலை. வெள்ளித்தாள் அந்த வேலையைச் செய்யாது. எங்கோ தோல் உரிந்து பாடியில் உரசிக்கொண்டிருந்த வயர் உரசிக்கொண்டேயிருந்தது. சில வாரங்கள் கழித்து மண்டி வாசலில் நின்ற வண்டிக்குள்ளிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. பெரியப்பா அப்போதுதான் எலக்ட்ரீஷியனிடம் போனார். நோயை முழுசாக முற்றவிட்டு டாக்டரிடம் போவதுதானே எங்கள் பக்கத்து வழக்கம்.

பென்னாகரம் ரோட்டில் ஒரு பேட்டரிக் கடையின் முன்திண்ணைதான் அவருடைய ஒர்க்‌ஷாப். பெயரை விட்டுவிடுகிறேன்; எல்லாரும் "பேட்டரிக்காரர்" என்றுதான் சொன்னோம். கருவி என்று அவரிடம் இருந்தது ஒரு டெஸ்ட் லாம்ப். ஹோல்டரோடு ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றின் முனையில் முதலைவாய்க் கிளிப், மற்றதில் தீட்டிய குடைக் கம்பி. கிளிப்பைப் பாடியில் மாட்டி, கம்பியை வயரின் தோலில் குத்துவார். பல்பு எரிந்தால் அதுவரை கரண்டு வந்திருக்கிறது. எரியாவிட்டால் சிக்கல் அதற்கு முன்னால். சுவிட்சிலிருந்து பிளாஷர், பிளாஷரிலிருந்து விளக்கு என்று குத்திக்கொண்டே போவார். வெயில் ஏறுவதற்குள் வண்டியின் நரம்பு முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள் விழுந்திருக்கும். அந்த ஓட்டைகளில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்தால் அடுத்த வருடத்து வேலையும் அவருக்கே.

கருகிய வயரை மாற்றி, வெள்ளித்தாளை இரண்டு விரலால் பிடித்துத் தூர எறிந்துவிட்டு இண்டிகேட்டருக்கு வந்தார். அது வேறு ரகக் கோளாறு. வலப்பக்கம் சுவிட்சைப் போட்டால் பின்னால் மஞ்சள் விளக்கு எரியாமல் சிவப்பு டெயில் லைட் மங்கலாகத் துடிக்கும். பிரேக்கை மிதித்தால் மஞ்சள் விளக்கின் இழை லேசாகச் சிவக்கும். பெரியப்பா அதற்குள் மூன்று பல்பு மாற்றிப் பார்த்துவிட்டிருந்தார். பேட்டரிக்காரர் பல்பைத் தொடவே இல்லை. நீளமான ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் சுற்றினார். மறுமுனையை டிக்கி பக்கம் இழுத்து வந்து விளக்கின் தகரக் கூட்டில் லேசாகத் தொட்டார்.

டக்... டக்... டக் என்று மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. வயரை எடுத்தார், செத்தது. தொட்டார், உயிர் வந்தது.

"எர்த் இல்லண்ணா" என்றார்.

வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர்தான் போகிறது. போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்புதான். எங்கள் வண்டியை முந்தின வருடம் டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். விளக்குக் கூடு பாடியில் உட்காரும் இடத்திலும் தாராளமாக அடித்துவிட்டார்கள். பெயிண்டுக்குள் கரண்டு போகாது. அது வேறு வழி தேடி, பக்கத்து டெயில் லைட் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று துடித்தது. பேட்டரிக்காரர் கத்தியால் நாலணா அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்குரூவை முறுக்கினார். புது பெயிண்டைச் சுரண்டிவிட்டாரே என்று பெரியப்பாவுக்கு வருத்தம். இண்டிகேட்டர் எரிந்ததில் எனக்கு அதைவிட வருத்தம்.

என் வேலை உடனே போய்விடவில்லை. பேட்டரிக்காரர் கிளம்பும்போது கிண்டலாக, "புளி மண்டி வச்சிருக்கீங்க, ஹோல்டரெல்லாம் பித்தளை, கொஞ்சம் புளி போட்டு விளக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டார். கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பெரியப்பாவுக்கு இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் குத்துவிளக்கு விளக்கும் நேரத்தில் அம்பாசிடரின் பல்பு ஹோல்டர்களும் விளக்கப்பட்டன. அன்று தங்கமாக மின்னின. ஓரங்களில் தங்கிய புளித் தண்ணீர் தன் வேலையைக் காட்ட, அடுத்த வாரம் களிம்பு ஏறிப் பச்சையாக நின்றன. எனக்கு மறுபடி ஜன்னல் சீட்டு.

அந்தக் கால வண்டிகளின் மின்சாரத்தைப் பற்றி உலகம் முழுக்க ஒரு கேலி உண்டு. பிரிட்டிஷ் கார்களுக்கு விளக்கும் டைனமோவும் செய்த பர்மிங்காம் லூகாஸ் கம்பெனியை "இருளின் இளவரசன்" என்பார்கள். அதன் கூட்டுக் கம்பெனியாக 1961இல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கி, பாடியில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கே பெயர் கொடுத்தது. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அவர்கள் வயர்களுக்குக் கொடுத்த நிற ஒழுங்கைப் பாருங்கள். பச்சையில் சிவப்புக் கோடு போட்டது இடது இண்டிகேட்டர். பச்சையில் வெள்ளைக் கோடு வலது. கறுப்பு எர்த். படிப்பு வாசனை இல்லாதவனும் நிறத்தைப் பிடித்துக்கொண்டே வண்டி முழுக்கப் போய்வரலாம். அந்த ஒழுங்கைக் கெடுத்தவர்கள் நாம். அறுந்த இடத்தில் கடையில் கைக்குக் கிடைத்த வயரை ஒட்டுப் போட்டு, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினோம். பச்சையில் புறப்பட்ட வயர் நடுவில் மஞ்சளாகி, சிவப்பில் போய் முடியும். நாலு எலக்ட்ரீஷியன் கை பட்ட வண்டியில் ஐந்தாவது ஆள் நிறத்தை நம்பினால் வீடு போய்ச் சேரமாட்டார்.

பிளாஷர் என்ற சின்ன டப்பாவையும் சொல்ல வேண்டும். இண்டிகேட்டரைச் சிமிட்ட வைப்பது அதுதான். உள்ளே கரண்டு போனால் சூடாகி விலகும், ஆறினால் ஒட்டும் ஒரு தகடு. அவ்வளவே அதன் மூளை. முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட் பல்பு எரிந்தால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓடும். அந்தச் சூட்டுக்குக் கணக்குப் போட்டுத் தகட்டைச் செய்திருப்பார்கள். ஒரு பல்பு போய்விட்டால் சூடு போதாது; சிமிட்டாமல் விழித்துக்கொண்டே நிற்கும். சிக்கனம் பார்த்து 5 வாட் பல்பு போட்டாலும் அப்படித்தான். பேட்டரி இளைத்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் கண்ணைச் சிமிட்டும். எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரின் புல்லட்டில் ஆம்பியர் முள்ளும் அதற்குத் தாளம் போடும். இண்டிகேட்டர் போட்டதும் முள் இடப்பக்கம் ஒரு துள்ளு, நடுவுக்கு ஒரு துள்ளு. அதைப் பார்த்தபடியே அவர் திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு அது பொற்காலம் என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் பொறுப்பல்ல. இருட்டினால் கை தெரியாது. மழையில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். மாட்டு வண்டியின் அடியில் ஆடும் லாந்தரை நம்பி வேகமாக வந்த லாரிகளின் கதை பாலக்கோடு ரோட்டிலும் அரூர் ரோட்டிலும் ஏராளம். ஒரு பத்து வயதுப் பையனின் முழங்கையை நம்பி ஒரு குடும்பம் ஊரெல்லாம் சுற்றியது என்பதை இன்று நினைத்தால் எனக்கே குலை நடுங்குகிறது.

இப்போது அண்ணன் மகனிடம் புது கார் இருக்கிறது. இண்டிகேட்டர் குச்சியைத் தட்டினால் கரண்டு நேராக விளக்குக்குப் போவதில்லை. "இவர் இடப்பக்கம் திரும்ப விரும்புகிறார்" என்று ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவல் போகிறது. அது யோசித்து விளக்குக்கு உத்தரவு போடுகிறது. நிமிடத்துக்கு 60இலிருந்து 120 முறைக்குள் சிமிட்ட வேண்டும் என்பது விதி, பிசகாமல் சிமிட்டுகிறது. பல்பு போனால் டப்பா விழித்துக்கொண்டு நிற்பதில்லை. வேகமாகச் சிமிட்டித் தானே புகார் செய்கிறது. டக் டக் சத்தம்கூட வருகிறது. ஆனால் உள்ளே எந்தத் தகடும் ஒட்டிப் பிரியவில்லை; இப்படிப்பட்ட பல வண்டிகளில் அது ஸ்பீக்கர் போடும் சத்தம். சத்தம் வராவிட்டால் ஓட்டுகிறவருக்கு நம்பிக்கை வராதாம்.

போன ஐப்பசி மழையில் அந்த காரின் பின்பக்க விளக்குக்குள் தண்ணீர் இறங்கிற்று. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் சொருகினார்கள். திரையில் ஒரு நம்பர் வந்தது. விளக்கு முழு அசெம்பிளியாகத்தான் கிடைக்கும், உள்ளே தனி பல்பு கிடையாது என்றார்கள். விலையைக் கேட்டேன். பெரியப்பா அம்பாசிடரை வாங்கின விலையில் கால்வாசி. "உள்ள எர்த் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டதற்கு, அட்வைசர் பையன் மரியாதையாக, "அதெல்லாம் சிஸ்டமே பாத்துக்கும் சார்" என்றான். எலி கடித்தாலும் இதே வைத்தியம். மண்டி எலிகள் பெரியப்பா வண்டியில் கடித்த வயருக்குச் செலவு ஒரு சுருள் டேப். இப்போது எலி கடிப்பது ஒரு வயர், மாற்றுவது ஒரு கட்டு. எலியின் தரம் மட்டும் மாறவில்லை.

சரி, பணத்தைக் கட்டி மாற்றியாகிவிட்டது. மாற்றிய விளக்கை அவன் போடுகிறானா என்று பார்க்கத்தான் ஒரு நாள் கூடவே போனேன். நல்லம்பள்ளி தாண்டித் தொப்பூர் வரை நாலு முறை லேன் மாறினான். ஒரு முறைகூட விரல் அசையவில்லை. கேட்டேன்.

"பின்னாடி யாரும் இல்லயே சித்தப்பா."

"ஒரு லாரி வந்துச்சேடா."

"அவனுக்கு நான் எங்க போறேன்னு எதுக்குத் தெரியணும்?"

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போய் நின்று பார்த்தால் இதைவிடப் பெரிய பாடம் நடக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகள் அங்கே வாங்கிய உயிர்கள் கொஞ்சமல்ல. அந்த இறக்கத்தில் சில லாரிகள் வலது இண்டிகேட்டரைப் போட்டபடி வரும். "நான் வலப்பக்கம் போகிறேன்" என்றும் எடுத்துக்கொள்ளலாம், "வா, என்னைத் தாண்டிப் போ" என்றும் எடுத்துக்கொள்ளலாம். டிரைவர் எந்தப் பொருளில் போட்டார் என்பது தாண்டிய பிறகுதான் தெரியும். தூறல் விழுந்தால் கார்க்காரர்கள் நாலு விளக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு நேராகப் போகிறார்கள். நாலும் சிமிட்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறை சொல்ல முடியாதல்லவா. பைக்காரர் ஒருவர் அதியமான்கோட்டையில் போட்ட இடது இண்டிகேட்டர் தொப்பூர் சுங்கச்சாவடி வரை எரிந்ததையும் கண்டேன். அவருக்கு எங்கள் அண்ணனைத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அதுவும் எங்கள் பழைய மாவட்டத்து மண்ணிலேயே. டி.வி.எஸ். 50 பிறந்த ஓசூரில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போச்சம்பள்ளியில் 2021இல் ஓலா தன் தொழிற்சாலையைத் திறந்தது. திரும்பி முடித்ததைத் தானே உணர்ந்து இண்டிகேட்டரை அணைத்துக்கொள்ளும் ஸ்கூட்டர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. அணைப்பதற்கு இயந்திரம் வந்தாயிற்று. போடுவதற்கு ஆள்தான் வேண்டும்.

அம்பாசிடர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அம்பாசிடரைச் செய்த உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதம் நின்ற பிறகு வண்டிக்கு மவுசு கூடிவிட்டது. அண்ணன் அதைப் பாலீஷ் போட்டுக் கல்யாண போட்டோஷூட்டுக்கு வாடகைக்கு விடுகிறார். மாந்தோப்பில் நிறுத்தி, மாப்பிள்ளை பானெட்டில் சாய, பெண் ஜன்னலில் எட்டிப் பார்க்க, என்னுடைய பழைய சீட்டுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கு இண்டிகேட்டர் சிமிட்டியாக வேண்டும். அழகுக்கென்று எல்.இ.டி. பல்பு போட்டார். எரிந்தது, சிமிட்டவில்லை. மெக்கானிக் பையனைக் கூப்பிட்டார். அவன் ஸ்கேனரோடு வந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிவிட்டு, "இதுல சாக்கெட் எங்கண்ணா இருக்கு?" என்று கேட்டான்.

சாக்கெட் இல்லை. எல்.இ.டி. இழுப்பது சொற்ப கரண்டு. அந்தச் சூட்டுக்குப் பழைய தகடு அசையாது. பையன் புத்திசாலி, சொன்னதும் பிடித்துக்கொண்டான். ஒன்று, எல்.இ.டி.க்கென்று வரும் எலக்ட்ரானிக் பிளாஷர் போட வேண்டும். இல்லை, 21 வாட் பல்புக்கே திரும்ப வேண்டும். பல்புக்கே திரும்பினோம். அப்படியும் பின்பக்கம் வலது விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. ஒரு துண்டு வயரைக் கொடுத்து, நெகட்டிவில் ஒரு முனை, கூட்டில் ஒரு முனை என்றேன். தொட்டான், பளிச்சென்று எரிந்தது. போட்டோஷூட்டுக்காக அடித்த புது பெயிண்ட். அவன் அதைத் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, வயரைத் திருப்பித் தராமலே போனான்.

வண்டி தேர்ச்சி பெற்றுவிட்டது. ஓடிய காலமெல்லாம் இண்டிகேட்டர் இல்லாமல் ஓடிய வண்டி, மாந்தோப்பை விட்டு அதிகம் நகராத இந்த வயதில் நாலு விளக்கும் சுத்தமாகச் சிமிட்ட நிற்கிறது. தினமும் சேலம் போய்வருகிற கார் சிமிட்டுவதில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பல்பு வாங்குவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள், பியூஸில் வெள்ளித்தாள் வேண்டாம், புளியைக் குழம்புக்கு வையுங்கள். புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு: நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், விரலை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு குச்சி இருக்கிறது. சில ஐரோப்பியக் கம்பெனி வண்டிகளில் மட்டும் அது இடப்பக்கம் இருக்கும்.